விசிறிகள் நின்ற இரவு

கைனூவில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
காடு, சாலை, வண்டிக் கூரை எல்லாம் வெள்ளை,
அந்த ஒரு மேட்டைத் தவிர.
கருங்கல்லைப் பொடித்துக் கொட்டிய குவியல்,
எட்டு மீட்டர் உயரம்,
சுற்றி நடந்தால் ஒரு மணி நேரம்.
அதன்மேல் விழும் பனி தங்குவதில்லை.
உள்ளே யாரோ உலை வைத்ததுபோல்
ஆவி எழும்பிக்கொண்டே இருக்கிறது.

வைத்தது யாரென்று சிர்க்குவுக்குத் தெரியும்.
இரவுப் பணியில் அவற்றை எண்ணுவது அவள் வேலை:
நுண்ணோக்கிக் கட்டத்துக்குள் சின்னச் சின்னக் கீறல்கள்,
பெருக்கினால் கோடி.
கல்லைத் தின்கின்றன என்று செய்தித்தாளில் போட்டிருந்தார்கள்.
தின்பதில்லை.
இரும்பிடம் ஓர் எலக்ட்ரானைப் பறிக்கின்றன,
அவ்வளவுதான் அவற்றின் சாப்பாடு.
பச்சையாய் வந்த இரும்பு சிவந்து போகிறது.
சிவந்தது போய்க் கந்தகத்தின் பிடியை அவிழ்க்கிறது.
கதவைத் திறந்தது யாரென்று கேட்காமல்
நிக்கல் அமிலத்தோடு வெளியேறுகிறது.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
எறும்பெல்லாம் பனிக்கடியில் உறங்கும் இந்த மாதத்திலும்
தேய்கிறது.

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
குவியலின் அடியில் காற்று ஊதும் விசிறிகள்
ஒவ்வொன்றாகக் குரல் இறங்கி அடங்கின.
பதினோரு வருடம் காதில் இருந்த இரைச்சல்
இருந்ததே அப்போதுதான் தெரிந்தது.
பாட்டரியில் ஓடிய திரையில் எண் சரிந்தது,
அறுநூற்று இருபது, அறுநூற்றுப் பதினைந்து.
"மூச்சு முட்டும் அதுகளுக்கு," என்றார் போனில் பொறியாளர்,
"குளிர் உள்ளே இறங்கிவிட்டால் மே மாதம்வரை எழுப்ப முடியாது."
"தெரியும்," என்றாள்.
ஜெனரேட்டரின் டீசல் மெழுகாகியிருந்தது.
பிளாஸ்க்கில் இருந்த காப்பி முழுவதையும்
எரிபொருள் குழாயின் மேல் ஊற்றினாள்.
ஐந்தாவது தடவை அது இருமி எழுந்தது.
அறுநூற்று நான்கு.
நின்றது.
அறுநூற்று ஐந்து.
விடிய இன்னும் ஏழு மணி நேரம்,
ஒரு வாய் காப்பி இல்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில்
கர்ஹுலம்பிக் கரையில் அஹ்தியின் வண்டி நின்றது.
அக்காள் கணவன். குளத்தின் பனிக்கட்டியில் துளையிட்டு
மீன் வராத வலையை இழுத்துக்கொண்டிருந்தான்.
"மின்சாரம் போச்சாமே. உன் பிள்ளைகள் பிழைத்தார்களா?"
"பிழைத்தார்கள்."
"இங்கேயும்தான்," என்று முகவாயால் காட்டினான்.
போர்க்காலத்தில் தோண்டி, போர் முடிந்ததும் மறந்துவிட்ட குழி.
அதிலிருந்து குளத்துக்கு இறங்கும் வாய்க்கால்
துருச் சிவப்பில் உறைந்திருந்தது.
"இதுகளுக்கு யாரும் விசிறி போடவில்லை.
சம்பளமும் இல்லை, லீவும் இல்லை."

சிர்க்கு கையுறையைக் கழற்றினாள்.
சிவந்த பனியை நகத்தால் சுரண்டி
காப்பி வாசம் போகாத பிளாஸ்க்கில் போட்டாள்,
எண்ணிப் பார்க்க.
எண்ணி என்ன செய்வாய் என்று
அஹ்தி கேட்கவில்லை.
வலையை மறுபடி துளைக்குள் விட்டான்.