வலது இருக்கை

இந்த விமானத்தில்
எல்லோரையும்விட அதிகமாகப் பணம் கட்டியவன்
என் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறான்.

பதினான்காம் வரிசைக்கு முப்பத்தொன்பது யூரோ.
ஜன்னலோரம் என்றால் எட்டு கூடுதல்.
வைதோதாஸுக்கு
ஐந்நூறு மணி நேரம், நாற்பத்திரண்டாயிரம்.
ஜன்னல் என்னவோ பெரியதுதான்.

கௌனாஸில் அவன் அம்மாவின் மருந்துக்கடை
காலையில் வங்கிக்காகத் திறந்து
இரவில் வங்கிக்காக மூடுகிறது.
சீருடைக்கும் ரசீது வைத்திருக்கிறான்,
தோள்பட்டைக் கோடுகளுக்குத் தனியாக.

பயணிகளுக்குத் தெரியாது.
இறங்கும்போது அவனுக்கும் சேர்த்தே
நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

பிப்ரவரியில் ஒருநாள் காய்ச்சலோடு வந்தான்.
வீட்டுக்குப் போ என்றேன்.
"போனால் எட்டு மணி நேரம் போச்சு, கேப்டன்."
மாற்று ஆள் இல்லை என்றார்கள் அலுவலகத்தில்.
நானும்தான் கையெழுத்திட்டேன்.

அலிகாந்தேயில் குறுக்குக் காற்று.
நானூறு அடியில் அவன் கை நடுங்கியது,
விமானத்தை நான் வாங்கிக்கொண்டேன்.
சக்கரம் தரை தொட்டு, எஞ்சின் அடங்கி,
கடைசிப் பயணியும் போன பிறகு சொன்னான்:
"அந்த இறக்கம் என்னுடையது."
திட்ட வாயெடுத்தேன்.
கணக்குப்படி
அவன் சொன்னது சரி.

ஐந்நூறாவது மணி நேரம்
ஒரு செவ்வாய்க்கிழமை மேகத்துக்குள் முடிந்தது.
அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.
அதற்கும் ரசீது கேட்டு
நின்று வாங்கிக்கொண்டு போனான்.

புதன்கிழமை வேறொருவன்.
கால் எட்டாமல்
இருக்கையை முன்னே இழுத்துக்கொண்டிருந்தான்.
பெயர் கேட்பதற்கு முன்
எவ்வளவு என்று கேட்டுவிட்டேன்.

மூவாயிரம் ஏறியிருக்கிறது.