பல்வரிசை

வாரத்தில் ஆறு நாள் நான் வாய்க்குள் படம் எடுக்கிறேன்.
ஜெலுத்தோங்கில், இயோ பல் மருந்தகம்,
படியேறி இடப்பக்கம்.
மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று,
கடித்தபடி ஒன்று.
உதட்டை விலக்கும் பிளாஸ்டிக் கொக்கியோடு
எல்லாரும் ஒரே மாதிரிதான் சிரிக்கிறார்கள்,
கடன் வாங்கியவரும் கொடுத்தவரும்.
கண்ணாடியில் மூச்சுப் படியுமுன்
அழுத்திவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை கை சும்மா இருப்பதில்லை.
சந்தையில் கெம்போங் மீன்கள்
ஐஸ்மேல் ஒரே திசை பார்த்துக் கிடந்தன. எடுத்தேன்.
கோப்பிக் கடை திறக்குமுன்
மேசைமேல் தலைகீழாய் நாற்காலிகள். எடுத்தேன்.
லாரியில் இருபத்து நான்கு கேஸ் தோம்புகள்,
ஏதோ குற்றம் செய்தவைபோல்
சங்கிலியில்.
அடுக்குமாடியின் கீழே தபால்பெட்டிகள்;
ஏழாம் மாடி பன்னிரண்டுக்கு மட்டும் கதவில்லை,
உள்ளே யாரோ விட்டுப்போன
பொட்டலத் தே, உறிஞ்சுகுழலோடு.
பள்ளிவாசல் படியில் செருப்புகள்:
தாமதமாய் வந்தவருடையதில்
ஒன்று கடலைப் பார்த்தது, ஒன்று கொம்தாரை.

"மனுசங்களே கிடையாதா உன் படத்தில்?"
கருவிகளைக் கொதிகலனில் அடுக்கியபடி
சித்தி ஹவா கேட்டாள்.
முகம் என்றால் பதிலுக்குக் காத்திருக்கும்,
வரிசை காத்திருக்காது என்றேன்.
அவள் நம்பவில்லை.
நானுந்தான்.

போன மாதம், சம்பளம் போட்ட வாரம்,
பாயான் லெப்பாஸ் பஸ் நிறுத்தத்தில்
நேபாளத்துப் பையன்கள் பதினொரு பேர்.
கேமராவைக் கண்டதும்
கேட்காமலே வரிசை கட்டினார்கள்.
குட்டை இடப்பக்கம், நெட்டை வலப்பக்கம்.
எல்லார் காலிலும் வெள்ளைச் சப்பாத்து, புதுசு,
ஒரே கடை, ஒரே தள்ளுபடி.
ஒருவன் சட்டைக் காலரில் விலைச்சீட்டு ஆடியது.

விரல் பொத்தானில் இருக்கும்போது
நடுவில் நின்றவன் கை தூக்கினான்.
டில்லிராம். பெயர் பிறகுதான் தெரியும்.
"தா மாவ், காக்." வேண்டாம் அக்கா.
வெளியே வந்து
என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டான்.

ஏனென்று கேட்டேன்.
பெர்மிட் முடிந்துவிட்டது என்றான் ஒருவன்.
ஊர்க்காரனுக்குக் கடன் என்றான் இன்னொருவன்.
மன்பிரசாத் சொன்னான்:
அவனுக்கு அவன் மூக்குப் பிடிக்காது.

"நெருங்கி நில்லுங்கள்" என்றேன்.
யாரும் நகரவில்லை.
ஐந்து பேர்,
ஓர் ஆள் அகலம்,
ஐந்து பேர்.

எடுத்தேன். தோள்வழியே திரையைப் பார்த்த டில்லிராம்
நேபாளியில் ஏதோ அதட்டினான்.
பத்து பேரும் நிமிர்ந்தார்கள்.
மறுபடி எடுத்தேன்.
மன்பிரசாத் தன் எண்ணை
என் உள்ளங்கையில் எழுதினான்.
நானூற்றொன்று வந்தது;
விலைச்சீட்டு முதலில் ஏறியது, டில்லிராம் கடைசியில்.

திங்களன்று டாக்டர் இயோ
ஒரு மீன்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
பிடுங்கிய இடத்தை அப்படியே விட்டால்
பக்கத்துப் பல் இரண்டும் மெதுவாய் அந்தப் பக்கம் சாயும்.
எவ்வளவு நாளில் என்று அவர் கேட்டார்,
வாய் நிறையப் பஞ்சோடு.

கடை சாத்தியபின் படத்தைப் பெரிதாக்கினேன்.
ஐந்தாமவன் வலத்தோள், ஆறாமவன் இடத்தோள்.
சாய்ந்திருப்பதுபோல்தான் இருக்கிறது.
லென்ஸின் கோளாறாக இருக்கலாம்,
ஓரத்தில் கோடுகள் வளையும்.
நடுவில் வளையாது.

அப்புறந்தான் தரையைப் பார்த்தேன்.
காலை வெயில் எங்களுக்குப் பின்னால் இருந்திருக்கிறது.
இரண்டு நீள நிழல்கள்: ஒன்று முழங்கை விரித்து, நான்.
மற்றதன் தலை
சரியாக அந்த இடைவெளிக்குள்,
மூக்கும் தெரியாமல்.

ஒரு படம் எங்கெங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.
நிழலுக்கு மேலே கத்தரித்துவிட்டு அனுப்பினேன்.

இரவு பதினொன்றரைக்குப் பதில்,
பத்துப் பேர் சார்பாக:
"நல்லா இருக்கு காக்.
சப்பாத்து எங்கே?"