ஐந்தாம் பிடி

டெப்ரெசென். ஜனவரி.
ஒன்றாம் எண் டிராம் நிறுத்தத்தில்
பனி வழுக்கி விழுந்தாள் எமொகே.
வலது தோளெலும்பில் கீறல்.
கை இப்போது கழுத்திலிருந்து தொங்குகிறது
நீலத் துணித் தொட்டிலில்.
பியூரெட்டின் குழாயைத் திருக ஆள் வேண்டும்.

வந்தவன் ஜொம்போர். அடுத்த அறைக்காரன்.
குளிர்பெட்டியின் மேல்தட்டு யாருக்கு என்ற வழக்கில்
அக்டோபரிலிருந்து அவளோடு பேச்சில்லை.

வளையம் அவள் செய்தது. பதினோரு வாரம்.
நாலு மூலையிலும் நைட்ரஜன்,
நடுவில் நிக்கல், சிறைப்பிடித்த ராஜா மாதிரி.
ஓரத்தில் ஒரு வால்: இரண்டு கார்பன், நுனியில் ஓர் அமீன்.
கொடுக்க அதனிடம் இருப்பதோ ஒரே ஜோடி எலக்ட்ரான்.
அமிலத்தில் அதைப் புரோட்டானுக்குத் தந்துவிட்டு
நிக்கலைத் தெரியாததுபோல்
வெளியே ஆடிக்கொண்டிருக்கும்.
கரைசல் மஞ்சள், ஆறிப்போன மூலிகைத் தேநீர்போல.

"சொட்டு" என்றாள்.
காரம் ஒரு சொட்டு. காந்தத் துண்டு சுழன்றது.
திரையில் எண்கள் யோசித்து யோசித்து நின்றன.
"சொட்டு."
இரண்டு மணி நேரமாய் இருவருக்கும் நடுவே
இந்த ஒரு சொல்தான்.

ஆறரை. ஆறே முக்கால்.
ஏழைத் தொட்டதும் மஞ்சள் கலங்கி
ஒரு கணம் எந்த நிறமும் இல்லாத நிறம்,
பிறகு கத்தரிப்பூ.
புரோட்டானைக் கைவிட்டு வளைந்து இறங்கி
நிக்கலின் உச்சியைப் பிடித்துவிட்டது வால்.

ஜொம்போர் பார்த்துக்கொண்டே நின்றான்
குழாயை மூட மறந்து.
ஏழெட்டுச் சொட்டு. எண் பத்தைத் தாண்டி ஓடியது.
அவள் வாயில் வந்த ஹங்கேரியச் சொல்லை
நான் இங்கே எழுதப்போவதில்லை.

"அமிலம் விட்டால் திரும்புமா?"
"நிறம் திரும்பும். கணக்குத் திரும்பாது."

விட்டான். மஞ்சள்.
காரம். கத்தரிப்பூ.
அந்த ஓட்டம் எப்போதோ பாழ்; ஆனாலும்
நிறுத்தத் தோன்றவில்லை இருவருக்கும்.
பிடியை விடும், போய்விடாது.
வளையத்தோடு தைத்த கை, எங்கே போகும்?
இது என் பேச்சு. அவள் கேட்டது வேறு:
"அந்த மேல்தட்டில் அப்படி என்னதான் வைத்திருக்கிறாய்?"
"காலிப் பாட்டில்கள்."
அவள் சிரித்தாள், தோள் வலித்தது, நிறுத்தினாள்.

நோட்டில் இடக்கையால்,
மழையடித்துச் சாய்ந்த பயிர் மாதிரி எழுத்தில்:
ஓட்டம் மூன்று. வீண். நிறம் சரி.

விளக்கணைத்துக் கோட்டை மாட்டினாள்.
பொத்தான் போடவா என்றான், வேண்டாம் என்றாள்.
டிராம் வரும்வரை
கோட்டின் வலது கை
காலியாக ஆடிக்கொண்டிருந்தது.