இருபத்தொன்பது கிலோ

சேன் தோனா சாலையில், ரெழானின் கராஜில்
மூன்று கேனோக்கள்.
வெளியே கூரையிலிருந்து ஏப்ரல் சொட்டுகிறது.

முதலாவதை ஒற்றைக் கையால் தூக்கிக் காட்டினான்.
கார்பன் இழை, பதினாறே கிலோ.
ஏரிக்குப் போகிறவர்களிடம் விற்றுக்கொள் என்றேன்.

இரண்டாவதற்கு மர விளிம்பு.
தடவினால் வெண்ணெய்.
என் பழைய படகுக்கும் அப்படித்தான்.
போன வசந்தத்தில், மூன்றாம் சரிவுக்குக் கீழே
ஒரு பாறை அதைக் குறுக்கே பிடித்துக்கொண்டது.
கயிறும் கப்பியுமாக நாலு மணி நேரம்.
கரைக்கு வந்தது படகல்ல,
முந்திரிக்கொட்டை.

மூன்றாவது மூலையில் கவிழ்ந்து கிடந்தது.
பாலித்தீன். ஒரு காலத்தில் கத்தரிப்பூ நிறமாக இருந்திருக்கலாம்.
அடியெல்லாம் கீறல்.
நகத்தை விட்டுப் பார்த்தேன், ஆழமில்லை.
முழங்காலால் அழுத்தினேன்;
உள்வாங்கி, டொப்பென்று திரும்பி வந்தது.
முனைகள் இரண்டும் நன்றாக நிமிர்ந்திருந்தன,
விழும் இடத்தில் மூக்கைப் புதைக்காதபடி.

"இருபத்தொன்பது கிலோ" என்றான்,
மன்னிப்புக் கேட்பவன் போல.
"காற்றுப்பை ஒன்று ஒழுகும்."

ஒழுகட்டும்.
திறந்த படகு. எப்படியும்
பாதி ஓடையை மடியில் வைத்துக்கொண்டுதான்
இறங்க வேண்டும்.
கனம் என்ன கனம்.

நாற்பது டாலர் குறைத்தான்.
இருவருமாகத் தூக்கி வண்டிமேல் ஏற்றும்போது
இருக்கையின் நுரைக்கு அடியிலிருந்து
ஒரு கூழாங்கல் என் காலில் விழுந்தது.
கறுப்பு, நடுவே வெள்ளை வரி.
இது எந்த ஓடை என்று கேட்டேன்.

ரெழான் கயிற்றில் இன்னொரு முடிச்சு போட்டான்.

"அங்கே தனியாகப் போகாதே."