புள்ளிக் கணக்கு

செக்காலை ரோடு, இரண்டாம் மாடி.
கவுன்சிலர் நிலோஃபர் தாளில்
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போடுகிறாள்.
நோய் வந்தவர்களுக்கு உள்ளே மை.

அப்பா பக்கம்?
ஏழு தலைமுறை ஒப்பித்தேன்.
கல்யாணமானவன் எங்கள் கோயிலில் ஒரு புள்ளி,
அவன் போய்விட்டால் அவள் அரைப்புள்ளி.
ஒன்று விடாமல் வரி எழுதிவைத்த ஏடு.
சதுரங்கள் நிறைந்தன. மை செலவாகவில்லை.

அம்மா பக்கம்?
ஆத்தா. வயிற்றில் நீர் கோத்து, ஐம்பத்திரண்டில்.
அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை.
கட்டிக்கொடுத்த அன்றே பெண் வேறு கோயிலுக்குப் போகிறாள்.
சீர் சாமான் ஊசி வரை பட்டியலில் உண்டு.
ரத்தத்தில் போனதை யாரும் எழுதவில்லை.

இருபத்தாறு வருஷம் வங்கியில் தணிக்கை பார்த்தவள் நான்.
காணாத தொகையைத் தேடத் தெரியும்.

அன்றிரவு கீமோ குமட்டலோடு
மொய் நோட்டுகளைப் பிரித்தேன்.
அறுபத்தெட்டில், பெரியாத்தா சிகப்பி, பள்ளத்தூர், பதினோரு ரூபாய்.
எழுபத்திரண்டில் அதே பதினோரு ரூபாய்,
பெரியப்பா பெயரில் மட்டும்.
சின்னாத்தா அழகம்மை மூன்று கல்யாணத்துக்கு வந்திருக்கிறாள்,
நாலாவதுக்கு இல்லை.
பினாங்கிலிருந்து ஐந்து டாலர் அனுப்பிய உண்ணாமலை
ஒரு பக்கத்தோடு சரி.
பெயர் நின்ற இடத்தில் எல்லாம்
பென்சிலால் ஒரு வட்டம்.
உள்ளே கறுப்பாக்கலாமா என்று தெரியாமல்
ஒரு கேள்விக்குறி.

மூன்று வாரத்தில் ரிப்போர்ட்.
பதினேழாம் குரோமோசோமில் இரண்டு எழுத்து இல்லை.
இரண்டே எழுத்தா என்றேன்.
நிலோஃபர் என் பெயரை எழுதினாள்: மெய்யம்மை.
ரப்பரால் இரண்டு புள்ளியைத் துடைத்தாள்.
மெயயமமை.
படிங்க ஆச்சி.
வாயில் நுழையவில்லை.

அறுந்த இழையை ஒட்ட செல்லுக்கு வழிகள் உண்டாம்.
கட்டிக்குள் ஒன்று ஏற்கெனவே தூர்ந்துவிட்டது.
மாத்திரை இன்னொன்றையும் அடைக்கும்.
என் மற்ற செல்களில் முதல் வழி திறந்தே இருக்கிறது,
ஆகவே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும்.
பெரும்பாலும் என்பதை அவள் இரண்டு தடவை சொன்னாள்.
விலையை ஒரு தடவைதான்.

அம்மான் சதுரம். எண்பத்தொன்று வரை இருந்தார்,
தலைவலி என்று படுத்ததில்லை.
ஆனாலும் கொடுத்திருக்கலாம் என்றாள் நிலோஃபர்,
மகனுக்கும் மகளுக்கும், ஆளுக்குச் சரிபாதி வாய்ப்பு.

பெண்மக்களுக்கு அந்த வீட்டில் பங்கு உண்டா என்று
ஒன்பது வருஷமாகக் கோர்ட்டில் நிற்கிறோம்.
அம்மான் மகள் தேனம்மை
அண்ணன் பக்கம் கையெழுத்துப் போட்டவள்.
கோட்டையூர் கல்யாணத்தில் நேருக்கு நேர் வந்து
தூணைப் பார்த்துக்கொண்டு போனவள்.
நாற்பத்தொரு வயது. இரண்டும் பெண்.

நம்பர் இன்னும் இருந்தது.
ஏழு தடவை அடித்து எடுத்தாள்.
சொல்லு.
வீட்டைப் பற்றி இல்லை என்றேன்.

பின்னால் குக்கர் கத்தியது.
போய் அடுப்பை அணைத்துவிட்டு
திரும்பி வந்தாள்.