உட்பிரிவு இரண்டு

மூன்றாம் மாடி, ஆற்றுப் பக்கம்.
கதவுப் பலகையில் நான்கு மொழி:
முடியாட்சித் தலைமைச் சட்ட மந்திரி அலுவலகம்.
நான்காவது வரி என்னுடையது.
'தலைமை' சட்டத்துக்கா மந்திரிக்கா என்று
பதினோரு ஆண்டாக ஒருவரும் கேட்கவில்லை.

சன்னலில் புக்கிட் லாராங்கான், ஏறக் கூடாத குன்று.
உச்சியில் கொடி பறந்தால் மன்னர் இருக்கிறார்.
பறக்காத நாளில் எங்களுக்குச் சீக்கிரம் சாப்பாடு.

செவ்வாயன்று வந்தது கோப்பு.
கெப்பல் துறையில் பளுதூக்கி ஓட்டிய மாசிலாமணி,
வயது முப்பத்திரண்டு.
வெள்ளி விடியலில் தூக்கு.
கருணை மனுவின் மேல் குத்தியிருந்த அரண்மனைச் சீட்டு:
'மாட்சிமை தங்கியவர் வாசிக்க விரும்பவில்லை.'

விரும்பாவிட்டால் அவ்வளவுதான்.
மலாயில் போலே. சீனத்தில் கெ யி. ஆங்கிலத்தில் மே.
மன்னர் மனுவை வாசிக்கலாம்.
லாம் என்பது ஒருக்களித்த கதவு,
நுழையாமல் போனால் குற்றமில்லை.

துன் நோர்சியா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
"உங்களதில் எப்படி?" என்றார்.
எப்போதும் கேட்பார், ஒரு மரியாதைக்கு.
தொகுதியைப் பிரித்தேன்.
பிரிவு நாற்பத்தொன்று, உட்பிரிவு இரண்டு.

மன்னர் மனுவை வாசிக்க வேண்டும்.

என் கைவேலை. சேர்ந்த முதல் மாதம்.
பசியா, தூக்கமா, யாரோடாவது சண்டையா, நினைவில்லை.
நான்கு பாடங்களும் சமம் என்கிறது பிரிவு மூன்று.
முரண்பட்டால் குடிக்குச் சாதகமானது நிற்கும்.

வேலை போயிற்று என்றே நினைத்தேன்.
தமிழில் ஓர் எழுத்தும் அறியாத மந்திரி
அந்த ஒரு சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"படித்துக் காட்டுங்கள்."
காட்டினேன்.
"இன்னொரு முறை."
அவர் வாயில் அது வெந்தும் என்று வந்தது.
திருத்தவில்லை.

கார் வேண்டாம் என்றார்.
தொகுதியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு
மழைக்குள் குன்றேறினார்.
படிக்கட்டில் குடை தெரிந்தது, மறைந்தது,
காவல் சாவடியில் நின்றது,
நின்றுகொண்டே இருந்தது,
பிறகு தெரியவில்லை.

என் கோப்பி ஆடை கட்டிற்று.
பக்கத்து மேசை பெங் சூன் ஒன்றும் கேட்காமல்
விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தான்.

விளக்கேற்றும் நேரத்தில் இறங்கி வந்தார்.
காலணி இரண்டும் கையில்.
"படித்தார்."
அதற்கு மேல் சொல்லவில்லை.
வெள்ளிக்கு இன்னும் மூன்று இரவு.

வழக்கப்படி பிழைதிருத்தத் தாள் எடுத்தேன்.
அதில் இரண்டே கட்டம்: பிழை, சரி.
பேனாவைத் திறந்தேன்.
மூடினேன்.
தாளை மேசையறையில் போட்டு
அதன் மேல் பிஸ்கட் டப்பாவை வைத்தேன்.