எந்த அடுக்கில் இது

சோஹாரில் ஆகஸ்ட். இரவு ஒன்பதரைக்கும்
மாடிப்படியின் கைப்பிடிக் கம்பி சுடுகிறது.
சி பிளாக், அறை பதினான்கு.
"நெட் இருக்கு, ஆனா இல்ல"
என்று புகார் எழுதியவர் இருளப்பன்.
இதைவிடத் துல்லியமாக
யாரும் எனக்கு எழுதியதில்லை.

கீழிருந்து மேலே ஏறு என்பது
இந்தத் தொழிலில் எனக்கிருக்கும் ஒரே பக்தி.
முதலில் செம்பு.
கூரைத் தகட்டுக்கும் பல்லிக்கும் நடுவே
மொபிஜுல் போன வாரம் இழுத்த கேபிள்;
அவன் முழங்கைச் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை.
விளக்கு பச்சை.

அதற்கு மேலே, அறைக்குள் கூப்பிடும் குரல்.
"இந்த எண் யாருது?" என்று ஏ.ஆர்.பி
எட்டுக் கட்டிலுக்கும் கேட்கக் கத்தும்.
உரியவன் மட்டும் போர்வைக்குள்ளிருந்து கை தூக்குவான்.
இரண்டாம் அடுக்கா அது, மூன்றா?
புத்தகங்கள் இன்னும் முடிக்காத வழக்கு.
இரண்டு படிக்கும் ஒவ்வொரு கால் வைத்து
வேலையை முடித்துவிட்டு இறங்கிப் போகிறது அது.

முகவரி உண்டா என்று பார்த்தேன். உண்டு.
எட்டு மணி நேரக் குத்தகை,
பாதி கழிந்ததும் புதுப்பிக்க மனுப்போடும்.
இதை வழங்குகிற டி.எச்.சி.பி இருப்பது உச்சி மாடி,
கொடுக்கும் சாவியோ மூன்றாம் மாடிக்கு.
இந்தக் கேம்ப்பின் இருநூற்றுப் பன்னிரண்டு பேரும்
வாசலைத் தாண்டும்போது ஒரே எண்ணாகிவிடுகிறார்கள்.
வெளியே எவருக்கும் தெரியாது
உள்ளே எத்தனை செருப்பு என்று.

பிங் போனது, வந்தது.
முப்பத்தொரு மில்லிசெகண்ட்.

பக்கத்துக் கட்டிலில் ஞானதுரை
மகளோடு பேசிக்கொண்டிருக்கிறான்.
பாதிச் சொல் கடலில் விழுகிறது.
யு.டி.பி விழுந்ததை எடுக்கத் திரும்பாது.
பேச்சுக்கு அதுதான் சரி.
மூன்று வாக்கியம் தாண்டி வந்து சேரும் சிரிப்பை
வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது?
பணம் அனுப்பும்போது மட்டும் டி.சி.பி வேண்டும்:
கேட்குதா,
கேட்குது, உனக்கு?
கேட்குது.
பிறகுதான் மூட்டையை அவிழ்க்கும்.

இருளப்பன் போனிலும் அந்த மூன்று வார்த்தை நடந்தது.
நானூற்று நாற்பத்து மூன்றாம் கதவு திறந்தது.
திறந்த கதவில் டி.எல்.எஸ் நின்று
சான்றிதழை நீட்டியது.
"இது இன்னும் பிறக்கவே இல்லை" என்றது போன்.

திரையின் மூலையில் பார்த்தேன்: மார்ச், இரண்டாயிரத்துப் பதினேழு.
பேட்டரி வீங்கிச் செத்து, மாற்றி, உயிர் வந்தபோது
தான் தயாரான நாளிலேயே கண் விழித்திருக்கிறது.
"அப்ப நான் நிஸ்வாவுல இருந்தேன்" என்றார்,
ஏதோ சாட்சி சொல்வதுபோல.

டி.எல்.எஸ் எந்த அடுக்கு?
ஏழு மாடி வரைபடத்தில் ஆறு என்பார் சிலர், ஐந்து என்பார் சிலர்.
நான்கு மாடி வரைபடத்தில் அதற்கு அறையே இல்லை,
மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே பாய் விரித்திருக்கிறது.
ஆனாலும் உலகத்தின் ரகசியம் முழுக்க அதன் மடியில்தான்.

இருளப்பனின் கார்டில் தோட்டக்காரர்.
இரண்டு கையிலும் வெல்டிங் பொறியின் தழும்பு.
என் கார்டில் விற்பனைப் பிரதிநிதி.
இதுவரை ஒரு சோப்புக்கட்டி விற்றதில்லை.

தேதியை அவரே மாற்றினார், கட்டை விரலால், மெதுவாக.
பக்கம் திறந்தது.
புகார்ப் படிவம் "அடுக்கு?" என்று கேட்டது,
ஒன்று முதல் ஏழு வரை, "மற்றவை" கிடையாது.
ஏழு என்று போட்டு மூடினேன்.

படியிறங்கும்போதுதான் உறைத்தது.
ஒரு நாள் கூடுதலாக வைத்துவிட்டார்.
இன்று வியாழன்.
அவர் போனில் விடுமுறை தொடங்கிவிட்டது.
ஒரு நாளைச் சான்றிதழ் பொருட்படுத்தாது.
நானும் திரும்ப ஏறவில்லை.